புடலங்காய்க்கும் கல்லு, அன்ரனாவுக்கும் கல்லு

ஜூன் 11, ஞாயிறு

இண்டைக்குச் சம்பந்தி வீட்டிலை மத்தியானச் சாப்பாடு. சாப்பாடு செமிச்சிட்டுது. சம்பந்தி தான் இன்னும் செமிக்கேல்லை.

நவரட்ணம் எண்டு பேர். என்ரை மகள் சாம்பவியின்ரை மாமனார். இஞ்சை இங்கிலாந்திலை எங்கட டவுனிலை இருந்து மேற்காலை ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் அவையின்ரை வீடு வரும். சுவர் முழுக்க ரிவி. கூரையிலை சட்டி அன்ரனா. மாதாமாதம் காசு கட்டி உலகத்துச் சனல் எல்லாம் இறக்கி வைச்சிருக்கிறார். றிமோட்டை என்ரை கையிலை தரவும் இல்லை, தானும் ஒரு சனலிலை நிக்கவும் இல்லை.

"நீங்கள் இன்னும் அந்தக் கம்பி அன்ரனா தானோ சம்பந்தி?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். "நல்லது, நல்லது. எளிமையா இருக்கிறதும் ஒரு குணம் தானே," எண்டார்.

எளிமையாம்! ஆரைப் பார்த்து? பரராசசிங்கம் எண்டால் அந்தக் காலத்திலை ஈழத்திலை எங்கட ஊரிலை அன்ரனாக்காரன் எண்டு தான் அர்த்தம். கடலுக்கு அங்காலை இந்தியாவிலை இருக்கிற ரிவிக் கோபுரத்தை ஒரு கமுகமரத்து நுனியிலை இருந்து பிடிச்சுக் காட்டினவன் நான். காசு குடுத்துப் படம் பார்க்கிறதுக்கு என்ன கெட்டித்தனம் வேணும்?

காரிலை வரேக்கை என்ரை மனுசி மலரிட்டைச் சொன்னன். "ம்" எண்டா. அவவுக்கு மடியிலை இருந்த கத்தரிக் கண்டு தான் உலகம்.

ஜூன் 12, திங்கள்

காலமை லொஃப்டுக்குள்ளை ஏறினன். கூரைக்குக் கீழை இருக்கிற அந்தப் பரணுக்குள்ளை நிமிரவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. அன்ரனா அங்கை தான் ஒரு வளைமரத்திலை பூட்டிக் கிடக்குது.

எங்கட டவுன் ரெண்டு பிராந்தியத்தின்ரை எல்லையிலை இருக்குது. கிழக்கை ஒரு ஒளிபரப்புக் கோபுரம், மேற்கை ஒண்டு. முந்தி இந்த வீட்டிலை இருந்த வெள்ளைக்காரன் அன்ரனாவைக் கிழக்கை பார்க்கப் பூட்டிப்போட்டுப் போயிருக்கிறான். விசரன்! மேற்குக் கோபுரம் மலையிலை நிக்குது, பின்னேரத்திலை அதின்ரை சிவப்பு லைட்டு எங்கட படுக்கையறை யன்னலுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியிற கோபுரத்தை விட்டிட்டுத் தெரியாததைப் பிடிக்கிறவனை என்ன சொல்லுறது?

மேற்கை திருப்பினன். கீழை வந்து ரிவியைத் தானாச் சனல் தேடவிட்டன். முந்தி இருந்ததிலும் பார்க்க இருபது சனல் கூட! படம் கண்ணாடி மாதிரி. எண்ணூறாம் நம்பருக்கு மேலையும் கொஞ்சம் வந்து விழுந்திருக்குது. ஒண்டாம் சனலிலை வாறது தான் எண்ணூத்தொண்டிலையும் வருகுது. ஒரே சாமானை ரெண்டு தரம் எதுக்கு வைக்கிறாங்களோ. குப்பை.

ஒரு சின்னக் கரைச்சல். பூட்டு இளகி, அன்ரனா தானாத் திரும்பப் பார்க்குது. மலர் புடலங்காய்க்கு எண்டு கடற்கரையிலை பொறுக்கி வைச்ச கல்லிலை ஒண்டை எடுத்துச் சணல் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டன். இப்ப அசையாது.

"என்ரை கல்லிலை ஒண்டைக் காணேல்லை," எண்டா மலர் பின்னேரம். நான் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தன்.

ஜூன் 20, செவ்வாய்

ஒண்டாம் சனலிலை உள்ளூர்ச் செய்திக்குப் பிறகு, பெரு மழை வருகுது எண்டு சொன்னாங்கள். மலரிட்டை "இண்டைக்குத் தோட்டத்துக்குத் தண்ணி விடாதையும்" எண்டன். அவ விட்டா. மழை ஒரு துளியும் இல்லை.

வானிலைக்காரங்கள் எல்லாரும் மோட்டு மடையங்கள்.

ஜூன் 24, சனி

பாலம் பூட்டியிருக்குது எண்டு காலமைச் செய்தியிலை சொன்னதாலை, கோயிலுக்குச் சுத்துப் பாதையாலை போனன். பூசை முடிஞ்சு போச்சு. மலர் பமிலாவின்ரை காரிலை நேர் வழியாலை போய், திருநீறு பூசிக்கொண்டு வாசலிலை நிக்கிறா. "எந்தப் பாலமப்பா?" எண்டு கேட்டா. பாலம் பாலம் தான். எந்தப் பாலம் எண்டு நான் என்ன கண்டன்?

பமிலா எங்கட இடப்பக்கத்து வீட்டுக்காரி. வெள்ளைக்காரி, ஆனால் மலரின்ரை கத்தரிக்காய்க் குழம்புக்கு எங்கட சாதிசனத்திலும் பார்க்க உரிமையாச் சண்டை பிடிப்பா.

ஜூலை 5, புதன்

இந்த வீட்டிலை ஆரோ றிமோட்டோடை விளையாடுகினம். நான் ஒண்டிலை விட்டிட்டுப் போற ரிவி, வந்து பார்த்தால் எண்ணூத்தொண்டிலை நிக்குது. வீட்டிலை இருக்கிறது நானும் மலரும் மட்டும். கேட்டால், "தோட்டத்துக்கு மழை பார்க்கிறனான்," எண்டுறா. மழையை ஒண்டிலையே பார்க்கலாமே! மாத்திவிட்டன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டிலை வாறது..." எண்டு ஏதோ சொல்ல வெளிக்கிட்டா. நான் அன்ரனா விசயமா சம்பந்திக்குப் போன் எடுக்கிற அவசரத்திலை இருந்தன். இருபது சனல் கூட எண்டன். "அப்பிடியோ," எண்டார் மனுசன். அவ்வளவு தான். வயித்தெரிச்சல்!

ஜூலை 9, ஞாயிறு

கண்ணாடிக் கொட்டிலுக்குள்ளை புடலங்காய் முழங்கை நீளம் வந்திட்டுது. சும்மா விட்டால் அது பாம்பு மாதிரிச் சுருண்டு போகும். நுனியிலை கல்லுக் கட்டித் தொங்கவிட்டால் நேர நீளும், அது எங்கட ஊர் வழக்கம். மலர் என்னைக் கூப்பிட்டா. நான் கல்லைப் பிடிச்சன், அவ முடிச்சுப் போட்டா. இறுக்கினால் காய் அறும், இளக்கினால் கல்லு விழும். "அசையாதேங்கோ, அசையாதேங்கோ," எண்டு பத்துத் தரம் சொல்லியிருப்பா. நான் அசையவே இல்லை. என்ரை இடுப்பு நாரி தான் அசைஞ்சது.

ஜூலை 15, சனி

புடலங்காய் என்ரை நெஞ்சளவு.

ஜூலை 19, புதன்

பெரிய சங்கதி! பமிலா எங்கட காயைப் படம் எடுத்து உள்ளூர்ச் செய்திக்கு அனுப்பிப்போட்டா. இங்கிலாந்துக் குளிரிலை ஆறடிப் புடலங்காய், அதுவும் கல்லுக் கட்டினது! ரிவிக்காரர் இண்டைக்குப் போன் எடுத்தவை. வெள்ளிக்கிழமை கமராவோடை வருகினமாம்.

உடனை சம்பந்திக்கு எடுத்தன். "ரிவியிலையோ? நீங்களோ?" எண்டு ரெண்டு தரம் கேட்டார். ரெண்டு தரமும் ஓம் எண்டன். காதுக்குள்ளை பால் வார்த்த மாதிரி இருந்தது.

மலருக்கு ஒரு சந்தோசமும் இல்லை. "எனக்கு இங்கிலீசு வராதே," எண்டு மூஞ்சையைத் தொங்கப்போட்டா. "நான் இருக்கிறன் தானே, நான் கதைப்பன்," எண்டு தைரியம் குடுத்தன்.

ஜூலை 21, வெள்ளி

கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, கண்ணாடிக் கொட்டிலுக்குள்ளை நிண்டன். வேர்வை ஆறா ஓடுது. ஹனா எண்டு ஒரு பெட்டை, ஒரு கமராக்காரப் பெடியன். ஏன் கல்லு எண்டு கேட்டவை. பாரம், ஈர்ப்பு விசை, ஈழத்து விவசாயம், பிறகு அன்ரனா எண்டு எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினன். ஹனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. கமராவிலை சிவப்பு லைட்டு எரியேல்லை, ஆனால் இப்பத்தைக் கமராவுகள் லைட்டு இல்லாமலும் எடுக்குமாக்கும்.

கல்லுக் கட்டுறதைக் காட்டச் சொன்னவை. நான் பிடிச்சன், மலர் கட்டினா. பெடியன் கமராவைக் கைக்குக் கிட்டக் கொண்டு வந்தவன்.

அப்ப வலப்பக்கத்து வீட்டிலை புல்லு வெட்டுற மிசின் சத்தம். "மிஸ்டர் பாரா, உங்களாலை தான் அதை நிப்பாட்டச் சொல்ல முடியும்," எண்டா ஹனா. பாருங்கோ, ஆளைப் பார்த்தவுடனை விளங்கியிட்டுது. போய்ச் சொன்னன். அந்த மனுசன் உடனை நிப்பாட்டினான். போன கையோடை அவனுக்கும் அன்ரனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிப்போட்டு வந்து பார்த்தால், கமராவை மடிச்சுக் காருக்குள்ளை வைக்கினம்.

"என்ன கேட்டவை?" எண்டன் மலரிட்டை.

"சும்மா," எண்டா. முகம் சிவந்து கிடந்தது. கொட்டிலுக்குள்ளை சூடு தானே.

ஜூலை 27, வியாழன்

அடுத்த வியாழன் பின்னேரம் ஆறரைச் செய்தியிலை, முடியிற நேரத்திலை போடுகினமாம். சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் வரச்சொல்லிப்போட்டன். "எங்கட பெரிய ரிவியிலை பார்ப்பமே, நீங்கள் இஞ்சாலை வாங்கோவன்," எண்டார். என்ரை முகத்தை அவரின்ரை ரிவியிலை பார்க்க எனக்கென்ன விசரே? என்ரை வீடு, என்ரை அன்ரனா, என்ரை கதிரை. அவர் என்ரை வீட்டிலை இருந்து என்னைப் பார்க்க வேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்.

ஓகஸ்ட் 1, செவ்வாய்

ஒத்திகை பார்த்தன். ஒண்டாம் சனல், படம் துப்பரவு. வாற ஆக்கள் இருக்கக் கதிரைகளை அடுக்கினன். இண்டைக்கும் ரிவி எண்ணூத்தொண்டிலை தான் நிண்டது. மலருக்குச் சொல்லிச் சொல்லி வாய் நோகுது.

ஓகஸ்ட் 3, வியாழன்

எழுத்துக் கோணுது. எண்டாலும் எழுதாமல் படுக்க ஏலாது.

ஆறு மணிக்குச் சம்பந்தி ஆக்கள் வந்தினம். சாம்பவி வந்தாள். பமிலா வந்தா. வடை, தேத்தண்ணி எல்லாம் நடந்தது. நான் கோட்டோடை இருந்தன். ஆறரைக்குச் செய்தி துவங்கிச்சுது. ஒரு ஆஸ்பத்திரி வாசல், ஒரு செம்மறிச் சந்தை, ஆரோ ஒரு மேயர்.

"இதெல்லாம் எங்கட பக்கத்துச் செய்தியெல்லோ," எண்டார் சம்பந்தி. "உந்தச் சந்தை எங்கட வீட்டுக்குப் பின்னாலை."

பிறகு ஒரு பாலத்தைக் காட்டிச்சுது. பூட்டின பாலம். "இது இன்னும் திறக்கேல்லை, நான் நாளும் சுத்திப் போறன்," எண்டார்.

அந்தப் பாலம்! நான் சுத்துப் பாதையாலை போனது ஆரின்ரையோ ஊரிலை பூட்டின பாலத்துக்கு. வராத மழை, அதுவும் இவருக்குப் பெய்த மழை. ரெண்டு மாதமா நான் பார்த்துக்கொண்டு இருந்தது மேற்குப் பிராந்தியத்துச் செய்தி, சம்பந்தியின்ரை செய்தி. என்னைக் காட்டப் போறது கிழக்கிலை. கிழக்கை பார்த்துக்கொண்டு நிண்ட அன்ரனாவைத் திருப்பினது இந்தப் பரராசசிங்கம்!

ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லாமல் எழும்பி லொஃப்டுக்கு ஓடினன். "எங்கையப்பா?" எண்டு மலர் குசினிக்குள்ளை இருந்து கத்தினா. ஏணியிலை ஏறி, அன்ரனாவைப் பிடிச்சுக் கிழக்கை ஒரு இழுவை. கயிறு அறுந்து கல்லு விழுந்தது. கீழை சம்பந்தியம்மா "ஐயோ, இடி!" எண்டா.

"சாம்பவி! படியிலை நில்லு! வந்துதோ?"

"எல்லாம் போயிட்டுதப்பா! சிக்னல் இல்லை எண்டு போடுது!"

திருப்பினன். "வந்துதோ?" "இல்லையப்பா!" திருப்பினன். "இல்லை!" திருப்பினன். "வந்திட்டுது!" எண்டாள், அதுக்குள்ளை நான் திருப்பியாச்சு. "போயிட்டுது!"

"கொஞ்சம் இடப்பக்கம் சம்பந்தி!" எண்டு கீழை இருந்து நவரட்ணம். அவருக்கு இடப்பக்கம் எது, எனக்கு இடப்பக்கம் எது?

அந்தக் காலத்து அன்ரனா எண்டால் திருப்பத் திருப்பப் படம் மங்கலா வரும், தெளியும், பிறகு மங்கும். கை தானாப் படிக்கும். இந்த டிஜிட்டல் சனியன் அப்பிடி இல்லை. வந்தால் முழுசா வரும், இல்லாட்டி கறுப்பு. வாறதுக்கும் நிண்டு நிதானமா யோசிச்சுத் தான் வரும். அது யோசிச்சு முடிய, சாம்பவி கத்தி முடிய, நான் மலை தாண்டிப் போயிடுறன். இருபது நிமிசமா உப்பிடியே நடந்தது. கடலுக்கு அங்காலை பிடிச்ச கை, கண்ணுக்கு முன்னாலை தோத்துப் போச்சு. எனக்கு அழுகை வந்திட்டுது. மறைக்க என்ன இருக்கு, அழுதன்.

அப்ப ஏணியடியிலை மலர். கையிலை மாவு, மற்றக் கையிலை றிமோட்.

"இஞ்சாருங்கோ. கொஞ்சமாத் திருப்புங்கோ. திருப்பிப்போட்டு மூண்டு தரம் நமச்சிவாய சொல்லுங்கோ. அதுக்கு முன்னம் திருப்பப்படாது."

"மலர், அது ஒண்டிலை வராது, அது கிழக்கு..."

"எனக்குத் தெரியும். எண்ணூத்தொண்டிலை தானே எங்கட ஊர்ச் செய்தி வாறது. நான் நெடுக அதிலை தானே மழை பார்க்கிறனான். நீங்கள் உதை அசைக்காமல் விட்டிருந்தால் இப்பவும் வந்திருக்கும். திருப்புங்கோ."

திருப்பினன். நமச்சிவாய, நமச்சிவாய, நமச்சிவாய. இல்லை. ஒரு விரற்கடை திருப்பினன். நமச்சிவாய, நமச்சிவாய...

"வந்திட்டுது! மலர் வாறா ரிவியிலை!" எண்டு சம்பந்தியம்மா கத்தினா.

அன்ரனாவிலை இருந்து கையை எடுத்தன். "போயிட்டுது!" திரும்பப் பிடிச்சன். வந்திட்டுது. கல்லு இல்லையே! ஆர் இனி இதைப் பிடிக்கிறது?

"அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ சம்பந்தி! விட்டிடாதேங்கோ!" எண்டார் நவரட்ணம்.

மலரைப் பார்த்தன். "போய்ப் பாரும்," எண்டன். "கெதியாப் போம். சத்தத்தைக் கூட்டிவிடும்." அவ போகேல்லை. "போமெண்டால்!" எண்டு அதட்டினன். போனா.

நான் கூனிக்கொண்டு, கோட்டோடை, ஒரு கையாலை வளைமரத்தையும் மற்றக் கையாலை அன்ரனாவையும் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கீழை ரிவி அலறுது. ஹனாவின்ரை குரல். பிறகு மலரின்ரை குரல், இங்கிலீசிலை! தட்டித் தடவி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவா. விதை ஊரிலை இருந்து வந்தது எண்டா. குளிருக்குப் போர்வை போர்த்தினது எண்டா. ஹனா ஏதோ பகிடி விட, மலர் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கனகாலமா என்னட்டை வராத சிரிப்பு.

நான் கதைச்ச ஈர்ப்பு விசை வரும் வரும் எண்டு காத்திருந்தன். வரேல்லை.

"உது ஆரின்ரை கை?" எண்டு சம்பந்தி கேட்டது கேட்டுது. "கல்லைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற கை?"

"அவரின்ரை கை தான்," எண்டா என்ரை மனுசி. "வேற ஆரின்ரை?"

ரிவியிலை ஹனா கேட்டா, உங்கட கணவர் என்ன செய்வார் எண்டு. நான் அன்ரனாவை இன்னும் இறுக்கிப் பிடிச்சன். மலர் இங்கிலீசிலை சொன்னதை அப்பிடியே எழுதுறன்: "அவர் பிடிப்பார். நான் கட்டுவன். அவர் பிடிக்காட்டி எனக்குக் கட்ட ஏலாது. கனக்கக் கதைப்பார், ஆனால் பிடிச்சால் விடமாட்டார்."

கீழை எல்லாரும் கை தட்டினம். பமிலா விசில் அடிச்சா. எனக்குக் கை தட்ட ஏலாது. கை ரெண்டும் வேலையிலை.

ஓகஸ்ட் 4, வெள்ளி

சாம்பவி எல்லாத்தையும் கம்ப்யூட்டரிலை போட்டுக் காட்டினாள். முழு நிகழ்ச்சியிலும் நான் இல்லை. கை மட்டும் இருக்குது. நல்லா வந்திருக்குது, கோட்டுக் கையும் கொஞ்சம் தெரியுது.

காலமை ஏணி வைச்சு ஏறிப் பூட்டை முறுக்கி, அன்ரனாவைக் கிழக்கையே இறுக்கிப்போட்டன். வெள்ளைக்காரன் வைச்ச இடத்திலை. பமிலாவின்ரை மனுசன் ஸ்பானர் தந்தவர். விழுந்த கல்லை எடுத்து மலரிட்டைக் குடுத்தன். "காணாமல் போன கல்லு," எண்டன். "லொஃப்டுக்குள்ளை இருக்கு எண்டு அப்பவே தெரியும்," எண்டா.

பின்னேரம் சம்பந்தி எடுத்தார். மூண்டு நிமிசம் மலரைப் புகழ்ந்தார். பிறகு குரலை இறக்கி, "எங்கட வீட்டுக்காரியும் புடல் வைக்கப் போறாவாம். ஒரு நாலு விதை கிடைக்குமோ சம்பந்தி?" எண்டு கேட்டார்.

"விதை மலரிட்டைக் கேளுங்கோ," எண்டன். "கல்லுப் பிடிக்க ஆள் தேவையெண்டால் சொல்லுங்கோ, நான் வாறன்."

இப்ப ரிவியைத் திரும்பச் சனல் தேடவிட்டன். எங்கட ஊர்ச் செய்தி ஒண்டாம் சனலுக்கே வந்திட்டுது. இருபது சனலும் போயிட்டுது. போகட்டும். பின்னேரத்துக்கு மழை எண்டு சொன்னவை. மலர் தோட்டத்துக்குத் தண்ணி விடாமல் வாளியை ஒதுக்கி வைச்சிட்டு வந்து பக்கத்திலை இருந்தா.

இதை எழுதேக்கை யன்னலிலை மழை அடிக்குது.